உறைந்த குளத்தின்மேல் ஒரு கரவான்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளின் கைத்தொலைபேசியைச் சுவரில் எறிந்து உடைத்துவிட்டேன். கை தவறி விழுந்தது என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, வேண்டுமென்றேதான் எறிந்தேன்.

பிள்ளைமேல் ஒரு குற்றமும் இல்லை. என் மனைவியின் கனடா உறவினர்கள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை உறைந்த ஏரி. அதன் நடுவே ஒரு கரவான், அதுதான் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போவார்களே, அந்தச் சில்லு வைத்த வீடு. உள்ளே கணப்பு எரிகிறது, தாச்சியில் எண்ணெய் கொதிக்கிறது, தரையில் வட்டமாக வெட்டிய ஓட்டைக்குள் தூண்டில் தொங்குகிறது, எல்லோரும் கையை ஆட்டிச் சிரிக்கிறார்கள். நாங்களும் வருகிற மாசியில் அங்கே போவோமா என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள். அந்தக் கரவானின் யன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், தொலைபேசி பறந்தது.

“தெ ஃபூ, பப்பா!” என்று கத்தினாள். அப்பனுக்கு விசர் என்பதுதான் அதன் பொருள். பெற்ற பிள்ளை சொல்வதில் முழுப்பிழை இல்லை.

வீடியோவுக்கு மணம் கிடையாது. ஆனால் அந்த எண்ணெய் புகைவதைக் கண்டதும் எனக்குக் கருவாடு பொரிக்கும் மணம் மூக்கில் ஏறியது. கருவாட்டு மணம் என்றால் பாரிசின் லாச்சப்பல் பகுதியில் நாங்கள் ஐந்து பேர் இருந்த அறைதான். ஐந்தாம் மாடி, மின்தூக்கி இல்லை. ஒரு யன்னல், ஒரு காஸ் அடுப்பு, அடுப்புக்கு மேலே சுவரில் உள்ளங்கையளவு கம்பி வலை போட்ட காற்றோட்ட ஓட்டை. நாங்கள் கருவாடு பொரித்தால் அந்த ஓட்டை வழியாக மணம் மேல்வீட்டு மனுசியிடம் போய்விடும். அவர் கட்டட நிர்வாகத்துக்கு எழுதுவார், அவர்கள் வீட்டுக்காரருக்கு எழுதுவார்கள், வீட்டுக்காரர் வந்து ஐந்து பேர் இருப்பதைக் கண்டுபிடிப்பார். ஆகவே அறையில் ஒரு சட்டம் இருந்தது. அடுப்பை மூட்டுமுன் இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றைச் சுருட்டி ஓட்டையில் அடைக்க வேண்டும். குளிர்காலத்தில் அடைத்தது அடைத்தபடியே கிடக்கும், சூடும் வெளியே போகாதல்லவா. இதை நாங்கள் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்திருந்தோம். நாங்கள் அந்த அறையில் சாகாமல் இருந்தது கதவு சரியாகச் சாத்தாத புண்ணியம்.

ஓட்டையை அடைப்பவன் நான். பிடுங்குபவன் குணம்.

குணம் முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெடியன், என் வயதுதான். போரின் கடைசி மாதங்களில் என்னென்ன கண்டான் என்று எங்களில் எவனும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. மூடிய இடத்தில் இருக்கமாட்டான் என்பது மட்டும் தெரியும். பனி கொட்டும்போதும் யன்னலைத் திறந்து தலையை வெளியே வைத்துக்கொண்டுதான் படுப்பான். “மூச்சு முட்டுதடா” என்று எழும்பி வந்து சாரத்தைப் பிடுங்கி எறிவான். நான் திரும்ப அடைப்பேன். ஒரு நாள் இதற்காகவே சட்டை கிழியக் கிழியச் சண்டை பிடித்தோம். மற்ற மூன்று பேரும் சோற்றுக்கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். குணத்துக்குப் பேச்சு தாமதம், கை முந்தும். என் சொண்டு வெடித்தது அவனுடைய கையால்தான், அவனுக்கு முழங்கையில் பல்லுக்காயம் வந்தது என்னால்தான். அடுத்த நாள் இருவரும் ஒரே தட்டில் பாண் தின்றோம்.

எனக்கு அப்போது ஒரு உணவகத்தில் பிளோஞ்ச் வேலை, அதாவது சட்டிபானை கழுவுவது. அங்கே சமையல்காரன் கோபம் வந்தால் சுடச்சுடத் தாச்சியையே எறிவான். குனியத் தெரிந்தவனுக்கு அந்த வேலை நிலைக்கும். எனக்கு விசா இருந்தது. குணத்துக்கு இல்லை. அகதிக் கோரிக்கையை இரண்டு தரம் நிராகரித்துவிட்டார்கள். மரக்கறிக் கடைகளில் பெட்டி இறக்கிக்கொண்டு, பொலிஸைக் கண்டால் அடுத்த தெருவுக்குள் திரும்பி நடந்துகொண்டு இருந்தான். அவன் மெத்ரோவில் ஏறுவதே குறைவு. சென் தெனிக்குக்கூட நடந்துதான் போவான்.

இந்தக் கதையில் மூன்றாவது ஆள் தவம் அண்ணை, எங்கள் அறைக்காரர் அல்ல, குடும்பத்தோடு இருந்தவர். லாச்சப்பலில் மீன்கடையில் வெட்டுகிற வேலை. நாற்பத்தைந்து வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அறுக்குளா மீனின் தலையை ஒரே போடாகப் போட்டுவிட்டு, கத்தியை நீட்டிக்கொண்டே ஆட்களோடு கதைப்பார். நல்ல மனுசன்தான். என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டு மீன்தலைகளைச் சும்மா தருவார். அவருக்கு ஒரேயொரு நோய் இருந்தது, கனடா. மனைவியின் தம்பி ரொறொன்ரோவிலிருந்து பெரிய வீடு, பெரிய கார் என்று படம் அனுப்புவான். அண்ணை அதைப் பார்த்துப் பொருமுவார். அந்தக் குளிர்காலம் அனுப்பிய படத்தில் ஏரியின்மேல் கரவான் நின்றது, கையில் முழங்கை நீள மீன்.

“அவன் செய்யிறான். எங்களுக்குச் செய்ய ஏலாதோ?” என்றார் அண்ணை.

அவரிடம் ஒரு பழைய கரவான் இருந்தது. கோடைக்குப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகவென்று வாங்கியது, மூன்று வருடமாக திரான்சியில் ஒரு தெரிந்தவரின் முற்றத்தில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. போர் முடிந்து மூன்றாவது வருடம் அது. இரண்டு கிழமையாக பாரிசில் சரியான குளிர், கால்வாய்த் தண்ணீரே தட்டுத்தட்டாக உறைந்துபோயிருந்தது. ஒரு மணித்தியாலம் காரோடினால் ஒரு குளம் இருக்கிறது, கோடையில் தான் தூண்டில் போட்டிருக்கிறேன் என்றார். இத்தனைக்கும் எங்கள் ஆட்கள் குளத்துமீனை மீன் என்றே ஒப்புக்கொள்வதில்லை. சேற்று மணம் என்று மூக்கைச் சுளிப்பார்கள். எங்களுக்குத் தேவையாக இருந்தது மீன் அல்ல, கனடாவுக்கு அனுப்ப ஒரு படம்.

குணத்தைக் கூட்டிப் போனது நான். அந்தப் பாவம் என் கணக்கு. கடலைக் கண்டவன் ஒருவன் கூட வரட்டும் என்றேன். நாட்டுப்புறத்தில் பொலிஸும் இல்லை, நல்ல காற்று என்று ஆசை காட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை, உணவகம் பூட்டு. காலை பத்து மணிக்குக் குளக்கரையில் நின்றோம். ஐஸில் இறங்கத் தடை என்று பலகை இருந்தது. அண்ணை அதை வாசித்துவிட்டு, “இது சின்னப் பிள்ளையளுக்கு” என்றார். அப்போதே கனடாவிலிருந்து, இரவு வேலை முடித்த மச்சினன் அழைத்தான். அண்ணை சத்தமாகப் போட்டார்.

“எவ்வளவு தடிப்பு அத்தான்? கரவானுக்கு ஒரு முழமெண்டாலும் வேணும். துளைச்சுப் பாத்தனீங்களோ?”

“ஓம், ஓம். முழத்துக்கு மேலை.”

“வெளுத்து வெள்ளையாக் கிடந்தா ஏறாதையுங்கோ. கண்ணாடி மாதிரி இருக்கோணும்.”

“எனக்கு நீ படிப்பிக்காதை” என்று வெட்டிவிட்டார்.

குணம் அலவாங்கை, அந்தக் கனத்த கடப்பாரையை, எடுத்துக் கரையோரத்தில் ஓங்கிக் குத்தினான். நாலைந்து குத்தில் தண்ணீர் சீறியது. கையை விட்டு அளந்தான். ஒரு சாண்கூட இல்லை. மேலே பாதி பால் மாதிரி வெள்ளை.

“அண்ணை, இது காணாது.”

“காரை ஏத்தேல்லையே. கரவானைத்தானே தள்ளப்போறம். நீ கடற்காரன், உனக்கு ஐஸைப் பற்றி என்ன தெரியும்?”

குணம் என்னைப் பார்த்தான். நான் கரவானின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்தேன். எனக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இருபதடி தள்ளியிருப்போம். ஐஸ் கத்தியது. இதை எப்படிச் சொல்வது, கம்பியில் அடித்த மாதிரி ஒரு ஓசை நம் காலடியில் தொடங்கி அக்கரை வரைக்கும் ஓடும். ஒவ்வொரு தடவையும் குணம் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தினான். அண்ணை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னும் நடுவுக்குத் தள்ளச் சொன்னார். எனக்கு அவர்மேல் முதல் கோபம் அப்போதுதான் வந்தது.

கரவானுக்குப் பக்கத்தில் குணம் ஓட்டை வெட்டி, ஒரு பெட்டியில் குந்தித் தூண்டிலைப் போட்டான். உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டான். நானும் அண்ணையும் உள்ளே போனோம். காஸ் கணப்பைக் கொளுத்தினோம், அடுப்பைக் கொளுத்தினோம், தன் மனைவி கட்டிக் கொடுத்த புட்டோடு தின்ன அண்ணை கருவாட்டை எண்ணெயில் போட்டார். கொக்கி தேய்ந்த கதவு காற்றில் அடித்தது, கயிற்றால் உள்ளே இறுக்கிக் கட்டினோம். தரையிலிருந்தும் கூரையிலிருந்தும் குளிர் ஊசியாக வந்தது. பார்த்தால் தரையோரத்தில் ஒரு கம்பி வலை, கூரையில் ஒரு கம்பி வலை.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒருவரும் சொல்லாமலே துவாயைச் சுருட்டிக் கீழே அடைத்தேன். என் சால்வையை மேலே அடைத்தேன். கருவாடு பொரிக்கிறது, ஓட்டையைக் கண்டேன், கை தானாகப் போனது. சுற்றிவர மூன்று கிலோமீற்றருக்கு ஒரு வீடு இல்லை. யார் முறைப்பாடு எழுதப்போகிறார்கள், நாணலுக்குள் இருந்த வாத்துகளா? அந்த நேரம் அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. “கெட்டிக்காரன்” என்று அண்ணை என்னை மெச்சினார்.

உள்ளே சூடு பரவியது. அரை மணித்தியாலத்தில் எனக்கு நெற்றி இடித்தது. விடியவே எழும்பிய களை என்று நினைத்தேன். அண்ணை சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். அடுப்பை நிற்பாட்ட வேண்டுமென்று நினைத்தேன், எழும்பப் பார்த்தேன், கால் வரவில்லை. பயமும் வரவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. நல்ல சுகமாக இருந்தது.

அதன்பிறகு எனக்குத் தெரிந்தது யன்னல் வெடித்த சத்தம்தான். அலவாங்கு உள்ளே வந்தது, வெளியே போனது, திரும்ப வந்தது. குணம் பல தரம் கூப்பிட்டிருக்கிறான், கதவை இழுத்திருக்கிறான், கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறான். தோட்டக் கிணற்றுக்குள் நீரிறைக்கும் மிசினை இறக்கி ஓடவிட்டு, அந்தப் புகையில் மயங்கிச் சாகிற ஆட்களை நம் ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். குணத்தின் சித்தப்பா அப்படிச் செத்தவர். எங்கள் முகத்தில் அதைத்தான் கண்டிருப்பான்.

உடைந்த யன்னலுக்குள்ளால் கையெல்லாம் கிழிய உள்ளே விழுந்தான். கயிற்றை அறுத்துக் கதவை உதைத்துத் திறந்தான். என்னைத் தலைமயிரில் பிடித்து இழுத்தான். நான் அசையவில்லை. முகத்தில் அறைந்தான். பிறகு முஷ்டியால் குத்தினான். வாய்க்குள் என்னவோ முறிந்து, இரத்தம் தொண்டைக்குள் போய், அந்த இருமலில்தான் எனக்கு மூச்சு வந்தது.

“எழும்படா நாயே! எழும்பு! சாகப்போறியோ?”

என்னைப் பிடரியில் பிடித்து ஐஸில் எறிந்துவிட்டு அண்ணையிடம் போனான். அண்ணை லேசில் வருகிற ஆளா? அரை மயக்கத்தில் யாரோ கள்ளன் வந்துவிட்டான் என்று நினைத்து, தாச்சியைப் பிடியோடு எடுத்து குணத்தின் தலையில் போட்டார். கொதித்த எண்ணெய் அவனுடைய கழுத்தில் ஊற்றியது. குணம் அலறியதை நான் கேட்டேன். ஆனாலும் விடவில்லை. அண்ணையின் மூக்கு உடையக் குத்தி, இரண்டு கையிலும் பிடித்துக் கதவால் இழுத்தான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டுகொண்டு படியிலிருந்து ஐஸில் விழுந்தார்கள்.

அந்த விழுகையோடு ஐஸ் பிளந்தது. கரவானின் ஒரு பக்கச் சில்லு முதலில் இறங்கியது. பிறகு முழுக் கரவானும் சரிந்து, உள்ளே கோப்பை தட்டெல்லாம் உருண்டு, கறுப்புத் தண்ணீர் யன்னலுக்குள்ளால் நுழைந்தது. அண்ணை நெஞ்சளவு தண்ணீருக்குள். குணம் குப்புறப் படுத்து அவருடைய கோட்டின் கழுத்தைப் பிடித்திருந்தான். அவனுக்குக் கீழேயும் கீறல் ஓடிக்கொண்டிருந்தது.

“கரைக்குப் போடா! ஊர்ந்து போ, எழும்பாதை!” என்று எனக்குக் கத்தினான். “போன் அடி!”

ஊர்ந்து கரைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். அடித்தால் தீயணைப்புப் படை வரும், அவர்களோடு பொலிஸ் வரும். அது எனக்குத் தெரியும். அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் தயங்கி நின்றேன்.

“குணம், பொலிஸ் வருமடா…”

“வரட்டும்! மனுசன் சாகுது! அடியடா!”

அடித்தேன். அவர்கள் வந்து சேர இருபது நிமிடம் ஆகியிருக்கலாம். அந்த நேரம் முழுக்க குணம் அந்தக் கோட்டை விடவில்லை. விட்டுவிட்டுப் பற்றைக்குள்ளால் ஓடியிருந்தால் அவனை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள்.

தீயணைப்புக்காரர் ஏணியை ஐஸில் படுக்கப் போட்டு இருவரையும் இழுத்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் வயதானவர், எனக்கு ஒட்சிசன் மூடியைப் போட்டுக்கொண்டே திட்டித் தீர்த்தார். முழுக்க அன்று விளங்கவில்லை, பிறகு ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டேன். நடந்து போகும் ஆளைத் தாங்குகிற ஐஸ் நின்ற இடத்திலேயே நிற்கும் கரவானைத் தாங்காது, மெல்ல மெல்ல வளைந்துகொண்டே இருக்கும். கரையில் அளந்த தடிப்பு நடுவில் இருக்காது. காஸ் எரியும் இடத்தில் அந்தக் கம்பி வலைகளை உயிர் போனாலும் அடைக்கக்கூடாது, அடைத்தால் உயிர்தான் போகும். வருகிற நஞ்சுக்கு மணமில்லை. கதவைக் கட்டி வைக்கக்கூடாது. நாலு பிழை, நாலையும் நாங்கள் ஒரே காலையில் செய்திருந்தோம்.

பிறகு பொலிஸ்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். இளம் ஆள், மரியாதையானவர். அவர் பார்த்ததை நீங்களும் பாருங்கள். மூக்குடைந்த ஒரு பெரியவர், பல்லுடைந்த நான், உடைத்த யன்னல், கையில் இரத்தத்தோடு ஒருவன், பக்கத்தில் அலவாங்கு. என் வாயைக் காட்டி, இதைச் செய்தது யார் என்று கேட்டார். என் பிரெஞ்சு அப்போது சமையலறைப் பிரெஞ்சு, தட்டு, கத்தி, கெதியாக, இவ்வளவும்தான். மண்டைக்குள் இன்னும் புகை. நான் விரலை நீட்டி குணத்தைக் காட்டினேன்.

உண்மையைத்தான் காட்டினேன். செய்தது அவன்தானே. ஏன் செய்தான் என்று சொல்ல என்னிடம் ஒரு சொல் இருக்கவில்லை, அவர்களும் அதற்குக் காத்திருக்கவில்லை. பத்திரம் கேட்டார்கள். அவன் கையை விரித்தான். கழுத்துக் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பி என்னிடம், “தலையிடிச்சால் படுத்திடாதை, டொக்டரிட்டைச் சொல்லு” என்றான். நான் காட்டிய விரலை அவன் பார்த்திருந்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், திருப்பி அனுப்பவென்று தடுப்பில் வைத்திருந்த குணத்துக்காக ஓடித்திரிந்தேன். ஒரு சட்டத்தரணி கிடைத்தார். உயிர் காப்பாற்றினான் என்று நீங்கள் இருவரும் எழுதிக் கொடுங்கள், நீதிபதிக்கு முன்னால் வைத்துப் பார்க்கலாம் என்றார். நான் அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அடித்தவன் என்று காட்டியவனே இப்போது மாற்றி எழுதுகிறான் என்பார்கள், மற்றவருடைய கடிதம்தான் முக்கியம் என்றார். கடிதத்தாளோடு மீன்கடைக்குப் போனேன். அண்ணை மூக்கில் பஞ்சோடு மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, பிரெஞ்சுக் குடியுரிமைக்குப் போட்ட என்ரை நஷனலிட்டே பைல் உள்ளுக்கை கிடக்கு. தடை போட்ட இடத்திலை ஏறினது நானெண்டு எழுதிக் குடுத்தா அதோடை சரி. எனக்குப் பிள்ளையள் இருக்கு.”

“உங்களை அவன் விட்டிருந்தால் பிள்ளையளுக்கு அப்பன் இருந்திருக்காது அண்ணை.”

“ஓம். ஆனால் இப்ப இருக்கிறன்தானே” என்றார்.

சேட்டுக் கொலரைப் பிடித்து அவரை மீன்பெட்டிகளின்மேல் தள்ளினேன். தட்டுத் தடுமாறி எழும்ப விடாமல், மூக்கிலேயே திரும்ப அடித்தேன். ஐஸ்கட்டிகளும் பாரை மீன்களும் நடைபாதை வரை சிதறின. சனம் வந்து என்னைப் பிடித்து இழுத்தது. அடித்து என்ன பயன், அவருடைய கை எழுதவில்லை. பதினெட்டாம் நாள் குணத்தை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் இறங்கியதும் அவனை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள் என்று அதே விமானத்தில் போன ஒருவர் சொன்னார். அவ்வளவுதான் செய்தி. ஊரில் விசாரித்தேன், வீடு வீடாக ஆள் விட்டுக் கேட்டேன். வந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கட்டடத்தை உடைத்துத் திருத்திவிட்டார்கள். எங்கள் அறையையும் பக்கத்து அறையையும் ஒன்றாக்கி, காற்றுக்கு மிசின் பூட்டியிருக்கிறார்களாம். மீன்கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். தவம் அண்ணைக்கு நஷனலிட்டே கிடைத்தது. வில்லியே லே பெல்லில் வீடு வாங்கிவிட்டார், கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் மற்றக் கதவால் போவார். அந்தக் குளம் அதற்குப் பிறகு அப்படி உறையவே இல்லை என்று கேள்வி.

மேல்வரிசையில் அந்த உடைந்த பல்லோடு பத்து வருடத்துக்கு மேல் திரிந்தேன். சிரித்தால் பார்க்க வடிவில்லை, கட்டுங்கள் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் சாட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏன் என்று அவளுக்குச் சொன்னதில்லை. போன வருடம் வலி தாங்காமல் போய் உட்கார்ந்தேன். டொக்டர் வேரைப் பிடுங்கிவிட்டுப் புதுப்பல் வைத்தார். நல்ல வேலைக்காரர், எது வைத்த பல் என்று எனக்கே நாக்கால் தடவினாலும் தெரியவில்லை. குணம் என்னை அடித்ததற்கு இனி ஒரு அடையாளமும் இல்லை.